தார் ரோட்டுக்கு ஒரு டயர்

பொள்ளாச்சியில் டயர்க் கடை நடத்துகிறவனிடம் வருகிறவர்கள் முதலில் விலை கேட்பார்கள், அடுத்து கம்பெனி கேட்பார்கள். ஜீப் வகை வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டையும் கேட்பதில்லை. செல்போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டுவார்கள். சேற்றில் பாதி முங்கி நிற்கும் வண்டி, சக்கரத்தில் கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த டயர். "இதே மாதிரி போட்டுருங்க" என்பார்கள்.

நான் படத்தைப் பார்த்துவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்காருவேன். வண்டி எங்கே ஓடுகிறது என்று ஓட்டுகிறவரைக் கேட்டால் பதிலில் ஆசையும் கலந்துதான் வரும். தேய்ந்த டயருக்கு ஆசை கிடையாது. நடுப்பட்டன் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் வைத்து ஓட்டியிருக்கிறார். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். முன்டயர்களின் தோள் உருண்டு தேய்ந்திருந்தால் கொண்டை ஊசி வளைவுகளில் நிறைய ஏறி இறங்கிய வண்டி. பட்டன் மேல் சின்னச் சின்னச் சில்லுகள் பெயர்ந்திருந்தால் ஜல்லிப் பாதை. டயரின் பக்கச் சுவரான சைடு வாலில் சிராய்ப்பும் கீறலும் இருந்தால்தான் பாறை. பட்டன் இடுக்கில் ஒட்டிக் காய்ந்திருப்பது செம்மண்ணா கரிசலா என்பதும் தெரிந்துவிடும்.

பெரும்பாலான வண்டிகளில் நான் பார்ப்பது வேறு. சைடு வால் கடையில் இருந்து வந்த அன்று இருந்த மாதிரியே மினுங்கும். பட்டன் நாலு டயரிலும் சீராகத் தேய்ந்திருக்கும். இடுக்கில் தார்ச்சாலைப் பொடிக்கல்லைத் தவிர ஒன்றும் இருக்காது. அது கோயம்புத்தூருக்கும் பழனிக்கும் பாலக்காட்டுக்கும் போய் வருகிற வண்டி. மாதத்தில் ஒரு நாள் தோப்புக்குள் இறங்கும். வருடத்தில் ஓரிரு முறை நண்பர்களோடு ஏதாவது மேட்டில் ஏறும். அந்த வண்டிக்குச் சேற்று டயர் கேட்டுத்தான் படத்தை நீட்டுகிறார்கள்.

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: வண்டி எந்த வழியில் அதிகம் ஓடுகிறதோ, அந்த வழியின் மிக மோசமான நேரத்துக்கு டயர் வாங்க வேண்டும். எங்கள் ஊருக்கு அந்த நேரம் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆடி மாதச் சாயங்காலம், மழை, வால்பாறையில் இருந்து ஆழியாறுக்கு இறங்கும் பாதை, வளைவில் எதிரே ஒரு பஸ்.

நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் தேர்வு என்று ஒன்றும் பெரிதாக இல்லை. எஸ்டேட் ஜீப்புகளுக்கு 6.00-16 என்ற ஒரே அளவு. 1947-ல் மகிந்திரா வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கிய காலத்தில் இருந்து வந்த அளவு அது. நைலான் டயர், உள்ளே டியூப். பட்டாளத்து ஜீப் டயர் போலவே முன்னோக்கிச் சுழன்றாலும் பின்னோக்கிச் சுழன்றாலும் ஒரே மாதிரி தெரியும் பட்டன். அகலம் குறைவு. அதனாலேயே சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழே இருக்கும் கெட்டி மண்ணைப் பிடிக்கும். தார்ச்சாலையில் அறுபதைத் தாண்டினால் உறுமும், ஸ்டியரிங் அலையும். ஆனால் அந்த ஜீப்புகள் அறுபதைத் தாண்டியதே இல்லை.

அந்த ஜீப்புகளை ஓட்டியவர்களிடம்தான் முதல் பாடம். தேயிலை மூட்டைக்கும் ஆட்களுக்கும் நடுவே, தினமும் கல்லும் முள்ளுமான எஸ்டேட் வழிகளில் ஓடியவர்கள் அவர்கள். டயர் படத்தை ஒருநாளும் காட்டியதில்லை. "சைடு கெட்டியா இருக்கோணும், பஞ்சர் ஆனா அங்கயே ஒட்டற மாதிரி இருக்கோணும்" என்பார்கள், அவ்வளவுதான். வழி மோசமானால் டயரை மாற்ற மாட்டார்கள், வேகத்தை மாற்றுவார்கள். கொளுக்குமலைக்குச் சூரியநெல்லியில் இருந்து ஏறும் ஜீப்புகளை இன்றைக்கும் பார்க்கலாம். சுற்றுலாப் பயணிகள் ஏறும் ஜீப் பாதைகளில் மிகக் கரடானவற்றில் ஒன்று அது. அங்கே தினசரி ஓடும் வண்டிகளில் ஆடம்பர டயர் எதையும் நான் பார்த்ததில்லை. கல்லைப் பார்த்து சக்கரத்தை வைக்கத் தெரிந்த கைகள்தான் அங்கே வண்டியை ஏற்றுகின்றன.

2020 அக்டோபரில் புதிய மகிந்திரா தார் வந்தது. அதன் பிறகு கூர்க்கா புது உருவில் வந்தது, 2023-ல் ஜிம்னி வந்தது, 2024-ல் தார் ராக்ஸ் வந்தது. கடைக்கு வரும் கூட்டமே மாறிவிட்டது. டாக்டர், மில்காரர், ஐ.டி. கம்பெனிப் பையன், கல்யாணத்துக்கு வண்டி எடுத்த மாப்பிள்ளை. ஏ.சி., பாட்டுப் பெட்டி, நூறைத் தாண்டி ஓடும் எஞ்சின். எஸ்டேட் ஜீப்பைப் போல் தோற்றம், காரைப் போல் ஓட்டம். டயர்தான் இரண்டில் எதற்குப் பொருந்துவது என்ற குழப்பம் அன்றைக்கு ஆரம்பித்தது.

இந்த வண்டிகளுக்கு மூன்று ரகம் டயர் உண்டு. கடை வழக்கில் எச்.டி., ஏ.டி., எம்.டி. என்போம். எச்.டி. சாலைக்கானது: பட்டன்கள் நெருக்கமாக இருக்கும், மேலே கத்தியால் கீறியது போல் மெல்லிய கோடுகள் நிறைய ஓடும். எம்.டி. சேற்றுக்கானது: பெரிய கட்டைகள், நடுவே அகலமான இடைவெளி, தோளில் துருத்தும் பட்டன்கள். ஏ.டி. இரண்டுக்கும் நடுவில். புதிதாக இருக்கும்போது பட்டன் ஆழம் எச்.டி.யில் எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் இருக்கும். ஏ.டி.யில் பத்துக்கு மேல். எம்.டி.யில் அதைவிடவும் அதிகம்.

ஆழம் அதிகம் என்றால் நீண்ட நாள் உழைக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தார்ச்சாலையில் அது அப்படி நடப்பதில்லை. உயரமான கட்டைப் பட்டன் ஒவ்வொரு முறை தரையைத் தொடும்போதும் வளைந்து நிமிரும். வளைந்து நிமிரும் இடத்தில் சூடு, சூட்டில் தேய்மானம். பிரேக் அடிக்கும்போது பட்டனின் ஒரு விளிம்பு மட்டும் உரசும். கொஞ்ச நாளில் ஒவ்வொரு பட்டனும் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் சாய்ந்து ரம்பப் பல் போல் ஆகிவிடும்.

ஒருமுறை கோயம்புத்தூர்ப் பையன் ஒருவர் அப்படிப்பட்ட வண்டியோடு வந்தார். வேறெங்கோ எம்.டி. போட்டிருந்தார். "அண்ணா, பேரிங் போயிருச்சுன்னு சொன்னாங்க. முன்னாடி ரெண்டு பக்கமும் மாத்தியாச்சு. ஊளை நிக்கவே இல்லீங்க" என்றார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு நால்வழிச் சாலைக்குப் போனேன். பேரிங் சத்தமா டயர் சத்தமா என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் சாய்த்துப் பார்க்க வேண்டும். எடை ஒரு பக்கம் ஏறும்போது சத்தம் கூடி, மறுபக்கம் ஏறும்போது குறைந்தால் பேரிங்கைச் சந்தேகப்படலாம். அப்படி மாறாமல், வழவழப்பான தாரில் இருந்து சொரசொரப்பான தாருக்கு மாறும்போது மட்டும் சத்தத்தின் தன்மை மாறினால் அது டயர்.

அவர் வண்டியில் மாறியது சாலையோடுதான். திரும்பி வந்ததும் அவர் கையைப் பிடித்து பட்டன் மேல் ஒரு திசையில் தடவ வைத்தேன், வழுக்கிக்கொண்டு போனது. எதிர்த் திசையில் தடவ வைத்தேன், விளிம்புகள் விரலைப் பிடித்தன. "இதுதானுங்க உங்க பேரிங்" என்றேன். இரண்டு பேரிங்குக்கும் கூலிக்கும் கொடுத்த பணத்தை நினைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். டயர்களை முன்னும் பின்னுமாக மாற்றிக் கொடுத்தேன். சத்தம் குறைந்தது. முழுவதும் போகவில்லை, போகவும் போகாது. கட்டைப் பட்டன்கள் வரிசையாகத் தரையில் மோதுவதும், இடைவெளியில் சிக்கிய காற்று பிதுங்கி வெளியேறுவதும் சேர்ந்ததுதான் அந்த ஊளை. கம்பெனிக்காரர்கள் பட்டன்களின் நீளத்தை ஒன்றுக்கொன்று வித்தியாசமாக வைத்து ஒரே சுருதியில் சத்தம் எழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். குறைக்கலாம், ஒழிக்க முடியாது.

சத்தத்தைக் காது பழகிக்கொள்ளும். ஈரச் சாலையில் பிரேக் பழகிக்கொள்ளாது. இதைத்தான் நான் ஒவ்வொருவரிடமும் உட்கார வைத்துப் பேசுவேன்.

ஒரு கணக்கு பாருங்கள். ஆட்களோடு சேர்ந்து 1,900 கிலோ இருக்கும் வண்டியில் ஒரு டயர் மேல் சுமார் 475 கிலோ. காற்று 30 பி.எஸ்.ஐ. என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.1 கிலோ. வகுத்தால், டயர் தரையைத் தொடும் இடம் சுமார் 225 சதுர சென்டிமீட்டர். பதினைந்துக்குப் பதினைந்து. அத்தனை பெரிய வண்டி மலையில் இருந்து இறங்குவது அந்த நாலு சதுரங்களை நம்பித்தான். அந்தச் சதுரத்துக்குள்ளும் எல்லாம் ரப்பர் இல்லை, இடைவெளிகள் போக மீதிதான் ரப்பர். எம்.டி.யில் அந்த மீதி எச்.டி.யைவிட மிகக் குறைவு.

சேற்றில் அந்த இடைவெளிதான் பலம். மண்ணைக் கடித்து, சுழலும்போது உதறிவிடும். தேங்கி நிற்கும் ஆழமான தண்ணீரிலும் அது பலமே, தண்ணீர் போக வழி இருக்கிறது. ஆனால் மலைப்பாதையில் நம்மை ஏமாற்றுவது தேங்கிய தண்ணீர் அல்ல. தூறல் விழுந்து தாரின் மேல் ஒரு படலமாக நிற்கும் ஈரம். அதைக் கிழித்துக்கொண்டு ரப்பர் தாரைத் தொட வேண்டும். எச்.டி. டயரின் மெல்லிய கீறல்கள் ஒவ்வொன்றும் ஒரு விளிம்பு. ஈர்க்குமாறு வாசல் தண்ணீரை ஒதுக்குகிற மாதிரி ஆயிரம் விளிம்புகள் அந்தப் படலத்தை ஒதுக்கும். மொழுக்கென்று இருக்கும் கட்டைப் பட்டனில் அந்த விளிம்புகள் இல்லை.

ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு அந்த மலையில்தான் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை மூன்று நான்கு மாதம் அந்தச் சாலையை ஈரமாகவே வைத்திருக்கும். அங்கே எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மேனேஜர்கள் சிலர் என்னிடம் வாடிக்கையாக டயர் மாற்றுகிறார்கள். அவர்கள் வண்டி தினமும் மண் வழியிலும் இறங்கும், வாரம் ஒருமுறை கீழேயும் வரும். அவர்களில் யாரும் எம்.டி. கேட்பதில்லை. பட்டன் இடுக்கில் கீறல்கள் உள்ள, அடக்கமான ஏ.டி.யைத்தான் கேட்கிறார்கள். 1.6 மில்லிமீட்டர் அடையாளக் கோடு வரை காத்திருப்பதும் இல்லை. சட்டப்படி அதுவரை ஓட்டலாம். மழைக்கு முன் வைகாசியிலேயே பட்டன் பாதிக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுகிறார்கள். ஏ.டி. வாங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சில டயர்களில் அந்தக் கீறல்கள் அடி வரை போவதில்லை. பாதி தேய்ந்ததும் கீறல் மறைந்து வெறும் கட்டை மிஞ்சும். பார்க்கப் பட்டன் நிறைய இருக்கும், மழையில் பிடிப்பு இருக்காது. கடையில் புது டயரை வாங்கும்போதே அந்தக் கீறலுக்குள் எவ்வளவு ஆழம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆசை, பெரிய அளவு. "கொஞ்சம் தூக்கலா நிக்கோணும்ணா" என்பார்கள். பொலிரோவில் 215/75 ஆர் 15 வரும். அதில் 235/75 ஆர் 15 ஏற்றச் சொல்வார்கள். நான் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண் சைடு வாலின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் டிஸ்க் விட்டம், அங்குலத்தில். 215-ல் 75 சதவீதம் 161. அதை இரட்டித்து 15 அங்குலத்தைக் கூட்டினால் விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர். 235-க்கு 733. வித்தியாசம் 30 மில்லிமீட்டர். வண்டி தரையில் இருந்து உயர்வது அதில் பாதி, வெறும் 15. ஒரு விரல் அகலம்கூட இல்லை.

அந்த 15 மில்லிமீட்டருக்குக் கொடுக்கும் விலை என்ன? சக்கரம் 4 சதவீதம் பெரிதானதால் ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது முன்னைவிட 4 கிலோமீட்டர் அதிக வேகத்தில் வண்டி ஓடுகிறது. கியர் கனத்துவிடுகிறது, ஏற்றத்தில் ஒரு கியர் குறைக்க வேண்டியிருக்கும். டயர் எடை கூடியதால் பிரேக்குக்கு வேலை அதிகம், டீசலும் அதிகம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே உரசும். பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும் வண்டி என்றால் கூடுதல் கனம் கதவின் கீல் மேல். கொஞ்ச நாளில் கதவு தொய்ந்து, குலுங்கும்போது கடகடக்கும். சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைச் சுட்டித் தீர்ப்பளித்தது. விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் வந்து நிற்கும் நாளில்தான் அந்தத் தீர்ப்பு பலருக்கு நினைவுக்கு வரும்.

விட்டத்தில் பெரிதாகக் கை வைக்காமலே கரட்டுப் பாதைக்கு ஏற்பாடு செய்ய ஒரு வழி உண்டு. அதே வண்டியின் இன்னொரு ரகத்தில் கம்பெனியே பூட்டித் தந்த அளவு என்ன என்று பார்ப்பது. 2020 தாரின் உயர் ரகத்தில் 255/65 ஆர் 18, கீழ் ரகத்தில் 245/75 ஆர் 16. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், 789-ம் 774-ம். ஆனால் சைடு வால் 18 அங்குலத்தில் 166 மில்லிமீட்டர், 16 அங்குலத்தில் 184. கல்லில் மோதும்போது டிஸ்க்கைக் காப்பது அந்த ரப்பர்ச் சுவர்தான். கீழ் ரகம் வாங்கியவர்கள் அலாய் வீல் இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டு வருவார்கள். இரும்பு டிஸ்க் நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம், அலாய் வெடித்தால் புதுசுதான் என்று சொல்லி அனுப்புவேன். பாதிப் பேர் கேட்பார்கள். மீதிப் பேர் பெரிய அலாய் போட்டுக்கொண்டு வந்து காட்டுவார்கள்.

கரட்டுப் பாதைக்கு என்னதான் செய்வது என்று கேட்பவர்களுக்கு என் பதில் காசில்லாத பதில்: காற்றை இறக்குங்கள். 30-ல் இருக்கும் டயரை மணலிலோ சேற்றிலோ 18-க்கு இறக்கினால், முன்பு போட்ட அதே கணக்குப்படி தரையைத் தொடும் இடம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். டயர் தளர்ந்து கல்லின் மேல் மடிந்து படியும், மோதித் துள்ளாது. தோப்புக்குள் சொட்டுநீர்ப் பாசனத்தில் நனைந்த மண்ணிலும், பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன (பி.ஏ.பி.) வாய்க்கால் கரையிலும், குவித்து வைத்த நார்த்தூளிலும் சிக்கி நிற்கும் வண்டிகளில் முக்கால்வாசி, டயரை மாற்றாமல் காற்றை இறக்கினாலே வெளியே வந்துவிடும். 15-க்குக் கீழே போகக் கூடாது, பீடிங் டிஸ்க்கை விட்டுக் கழன்றுவிடும். காற்றை இறக்கிவிட்டு வேகமாகவும் போகக் கூடாது. தார்ச்சாலைக்கு ஏறியதும் மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும். குறைந்த காற்றோடு நால்வழிச் சாலையில் எண்பதில் போனால் சைடு வால் சூடேறி உள்ளேயே நைந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது. என்றைக்கோ ஒருநாள் வெடிக்கும்.

கரிசலுக்கு மட்டும் எந்த டயரும் முழு மருந்து இல்லை. உடுமலைப் பக்கம் மழை பெய்த கரிசல் காட்டில் இறங்கினால் எம்.டி.யும் சில சுற்றில் மண் அப்பி உருளையாகிவிடும். சக்கரம் வேகமாகச் சுழன்றால்தான் மண் உதறும், வேகமாகச் சுழற்றினால் வண்டி புதையும். அந்த ஊர்க் குடியானவர்கள் மழை விட்டு ஒருநாள் காய விட்டுத்தான் வண்டியை உள்ளே விடுவார்கள். அதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

எம்.டி. யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தினமும் மண்ணில்தான் வேலை என்று இருப்பவர்கள் உண்டு. மலைமேல் தங்கும் விடுதிக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறவர், கல்குவாரிக்குள்ளேயே சுற்றும் வண்டி, பந்தயத்துக்கென்றே இன்னொரு வண்டி வைத்திருப்பவர். அவர்களின் பழைய டயரைப் பார்த்தாலே தெரியும். தோளில் வெட்டு, சைடு வாலில் ஆழமான சிராய்ப்பு, நடுப்பட்டன் பிய்ந்து நிற்கும். அவர்களுக்கு நானே எடுத்துக் கொடுப்பேன், சைடு வாலில் கூடுதல் லைனிங் உள்ள எல்.டி. (லைட் டிரக்) வகையாகப் பார்த்து. அந்த வகைக்கு, அதே எடையைத் தாங்கச் சாதாரண டயரைவிடக் கொஞ்சம் கூடுதல் காற்று வேண்டும் என்று சொல்லியும் அனுப்புவேன். அவர்களுடைய மோசமான நேரம் மலை இறக்கத்தில் இல்லை, ஆள் நடமாட்டமில்லாத பள்ளத்தில் சைடு வால் கிழிந்து நிற்கும் நேரம். பட்டனில் ஆணி குத்தினால் மஷ்ரூம் பேட்ச் போட்டு ஓட்டலாம். சைடு வால் கிழிந்தால் ஒட்டக் கூடாது, அந்த டயர் முடிந்தது.

காட்டுக்குள் ஓட்டுவதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டாப்சிலிப்பும் பரம்பிக்குளமும் புலிகள் காப்பகம். அங்கே பாதையை விட்டு வண்டியை இறக்க எந்த டயருக்கும் அனுமதி இல்லை. தார்ச்சாலை, வனத்துறை விடும் மண் பாதை, இரண்டோடு சரி.

வாங்குகிற அன்று பார்க்க வேண்டியவை சில. சைடு வாலில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் செய்தது. திருவொற்றியூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று டயர் ஆலைகள் நிறைந்த மாநிலம் இது, அதிகம் விற்கும் அளவுகள் சூடு ஆறும் முன் கடைக்கு வந்துவிடும். அபூர்வமான அளவுதான் குடோனில் கிடக்கும். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு வெளிநாட்டு டயர்களில் சில அளவுகள் வருவதும் நிற்பதுமாக இருக்கின்றன. ஆசைப்பட்டு நாலு வாங்கிவிட்டு, ஒன்று கிழிந்தபோது ஐந்தாவது கிடைக்காமல் அலைந்தவர்கள் உண்டு. அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். 109 என்றால் ஒரு டயர் 1,030 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120. எஸ் என்றால் 180 கிலோமீட்டர் வேகம் வரை, க்யூ என்றால் 160 வரை. பழைய டயரில் இருந்ததைவிட எடைத் தாங்கும் எண் குறையவே கூடாது.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு ஒரு தனி விதி. தார், ஜிம்னி, கூர்க்கா மூன்றிலும் நாலு சக்கர ஓட்டம் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சுழலும். முன்னால் தேய்ந்த டயர், பின்னால் புது டயர் என்று விட்டம் மாறினால் அந்த வித்தியாசம் கியர்ப் பெட்டிக்குள் முறுக்காக ஏறும். இரண்டு டயர் மட்டும் மாற்ற வருகிறவர்களிடம் அதனால்தான் நாலையும் அளந்து பார்ப்பேன். ஸ்டெப்னி அதே அளவாக இருந்தால் அதையும் சேர்த்து ஐந்தையும் 8,000, 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றினால் ஐந்தும் ஒன்றாகத் தேயும். பின்கதவில் தொங்கியே வெயிலில் வெடித்துப் போன புத்தம்புது ஸ்டெப்னிகளை நான் நிறையக் கழற்றிப் போட்டிருக்கிறேன்.

இத்தனையும் சொன்ன பிறகு, தார்ச்சாலையில் முக்கால்வாசி ஓடும் வண்டிக்கு நான் எடுத்துக் கொடுப்பது இரண்டில் ஒன்று. தோப்பு, கோயில், கோயம்புத்தூர் என்று ஓடுகிறவருக்குக் கம்பெனி அளவிலேயே நல்ல எச்.டி. தோட்டத்து வழியில் அடிக்கடி இறங்குகிறவருக்கும் மலையில் வீடு இருப்பவருக்கும், கீறல் ஆழமான, அடக்கமான ஏ.டி. டயரின் உருளும் எதிர்ப்பு, ஈரப்பிடிப்பு, சத்தம் மூன்றுக்கும் 2022-ல் மத்திய அரசு வரம்பு கொண்டுவந்தது. பொழுதன்றைக்கும் சாலையில் ஓடுகிறவருக்கு வேண்டிய மூன்றும் அவைதான், படத்தில் தெரியாத மூன்றும் அவைதான்.

"பார்க்க நல்லா இருக்காதேண்ணா" என்று சிலர் இழுப்பார்கள். அது நியாயமான கவலைதான், வண்டி வாங்கியதே பாதி அதற்காக. அப்போது நான் ஐந்து எம்.டி.யின் விலையையும் ஐந்து ஏ.டி.யின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வித்தியாசத்தை வட்டம் போட்டுக் காட்டுவேன். அந்தப் பணத்தில் பேட்டரியில் ஓடும் நல்ல கம்ப்ரஸர் ஒன்று, நம்பகமான காற்று மீட்டர் ஒன்று, இழுக்கிற பட்டை ஒன்று, கொக்கி இரண்டு வாங்கலாம், அதற்கு மேலும் மிஞ்சும். சேற்றில் சிக்கிய நண்பனை இழுத்துவிட வருகிறவன் வண்டியில் அதெல்லாம் இருக்கும். டயர் மட்டும் வாங்கியவன், பெரும்பாலும், இழுபடுகிறவனாக இருப்பான்.